வென்றவர் கதையும் வீழ்ந்தவர் கணக்கும்

மறம் என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. போரையும் போர்நெறியையும் புறம் எனத் தனியே பகுத்து, வெட்சி முதலாகத் திணைதிணையாகவும் துறைதுறையாகவும் வகுத்துரைத்த இலக்கணம் உடைய இனம் நம் இனம். அவ்வினத்தின் பிள்ளைகள் இன்று மறத்தை எங்கே கற்கின்றனர்? ஆலிவுட்டுத் திரையில் கற்கின்றனர். ‘சூப்பர் ஈரோ’ என ஆங்கிலத்தில் வழங்கும் மீமறவர் திரைப்படங்கள் தமிழ்க்குரல் பூண்டு நம் சிற்றூர் அரங்குகள் வரையும் வந்துவிட்டன. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அவெஞ்சர்சு: எண்ட்கேம்’ படத்திற்குத் தமிழில் உரையாடல் எழுதியவர் ஏ.ஆர். முருகதாசு, ‘அயன்மேன்’ என்னும் இரும்பு மறவனுக்குத் தமிழ்க்குரல் தந்தவர் விசய் சேதுபதி. உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி தாலர் ஈட்டிய படம் அது. ஆகலின், ‘இது சிறுபிள்ளை விளையாட்டு, நமக்கென்ன?’ என்று நாம் புறந்தள்ளிவிடுதல் இயலாது.

அண்மையில் என் வகுப்பு மாணவரை நோக்கி, அப்படங்களில் வரும் மறவர் பெயர்களைக் கூறுமாறு பணித்தேன். பதினைந்து பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கினர். “நன்று, அவர்கள் பொருத போரில் இடிந்து வீழ்ந்த கட்டடங்களுக்குள் இருந்தோர் எவர்? அவருள் ஒருவர் பெயரேனும் கூறுக” என்றேன். வகுப்பு வாளாவிருந்தது. ஒரு மாணவன் மட்டும் எழுந்து, “ஐயா, அவர்களுக்குப் படத்தில் பெயரே இல்லையே!” என்றான். அவன் விடையே இவ்வாசிரியவுரைக்கு வித்து.

இப்படங்களைக் கொலைவெறிப் படங்கள் என ஒரே சொல்லால் பழித்து ஒதுக்குவாரும் உளர். அஃது ஆராய்ந்து கூறும் கூற்றன்று. அடியின் விளைவு என்ன என்னும் கவலை, இக்கதைகள் படக்கதைகளாக அச்சில் வந்த காலத்திலேயே தோன்றிவிட்டது. 1962இல் பிறந்த ‘இசுபைடர்மேன்’ என்னும் சிலந்தி மறவன், தன்னெதிரே ஓடிய திருடனைத் தடுக்காது, எனக்கென்ன என்று வாளாவிருந்தான். அத்திருடனே பின்னர் அவனை வளர்த்த பெரியப்பனைக் கொன்றான். 1973இல் வந்த படக்கதையிலோ, உயரத்தினின்று வீழ்ந்த தன் காதலியைக் காத்தற்கு அவன் வீசிய வலையே அவள் கழுத்தை முறித்துவிட்டது. காக்க நீட்டிய கையும் கொல்லக்கூடும் என்னும் கசப்பான உண்மையை ஒரு சிறுவர் இதழ் சொல்லிற்று என்றால், அதனை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

ஆயின் வணிகம் அக்கவலையை வளரவிடவில்லை. அமெரிக்கத் திரைத்துறையினர் 1984இல் ‘13 அகவைக்குக் கீழ்ப்பட்டோர்க்குப் பெற்றோர் எச்சரிக்கை வேண்டும்’ என்னும் புதுத் தரத்தைத் தோற்றுவித்தனர். மீமறவர் படங்களுட் பெரும்பாலான அத்தரத்தையே நாடுகின்றன. சிறுவர் வாராவிடின் ஊதியம் குறையுமன்றோ? அத்தரத்தைப் பெறும் வழி யாது? அடி எத்துணையும் இருக்கலாம்; குருதி மிகுதியாகத் தெரிதல் கூடாது. நகரம் இடியலாம், பிணம் தெரிதல் கூடாது. வன்முறையைக் குறையென்று கூறாமல், வன்முறையின் விளைவை மட்டும் மறையென்று கூறும் இந்நடைமுறை எத்துணைத் தலைகீழானது பாருங்கள்! குத்துப்பட்டவன் துடிப்பதைக் காண்பவன் குத்துதற்கு அஞ்சுவான். துடிப்பைக் காணாதவன் குத்துதலை விளையாட்டென்றே எண்ணுவான். பிள்ளைகளைக் காத்தற்கென வகுத்த ஏற்பாடே பிள்ளைகளின் அச்சவுணர்வை மழுக்கிவிடுகின்றது.

2013இல் வந்த ‘மேன் ஆப் இசுடீல்’ படத்தில், சூப்பர்மேனும் அவனோடு ஒத்த ஆற்றலுடைய சாட் என்பவனும் பொருத பொருதலில், மெட்ரோபொலிசு என்னும் மாநகரின் வானளாவிய மாடங்கள் வரிசை வரிசையாகச் சரிந்தன. இறுதியில், ஒரு சிறு குடும்பத்தைக் காத்தற்பொருட்டுச் சாட்டின் கழுத்தை முறிக்கின்றான் சூப்பர்மேன், முறித்தபின் கதறுகின்றான். அக்கதறல் உண்மையான கதறலே. ஆனால் அவன் ஒரு பகைவனுக்காகக் கதறினானேயன்றிச் சரிந்த மாடங்களுக்குள் இருந்தோர்க்காகப் படம் ஒரு நொடியும் நிற்கவில்லை. சுவைஞர் பலரே இதனைச் சுட்டிக் கடிந்தனர். அதனால் 2016இல் அவ்வியக்குநரே எடுத்த அடுத்த படம், அதே அழிவை நிலத்தில் நின்று மேல்நோக்கும் மாந்தன் கண்ணால் காட்டித் தொடங்கிற்று. கால்கள் நசுங்கிய ஓர் ஊழியனும், தாயை இழந்த ஒரு சிறுமியும் அங்கே தென்பட்டனர். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று சூப்பர்மேனை உசாவலுக்கும் அழைத்தது. நாம் நிமிர்ந்து அமர்ந்தோம். விடை கிடைக்கும் என எதிர்பார்த்தோம். என்ன நிகழ்ந்தது? அவன் வாய்திறக்குமுன் மன்றமே வெடித்துச் சிதறியது! வினாவை எழுப்பிவிட்டு, விடை கூற வேண்டிய இடத்தில் வெடி வைத்துவிட்டனர்.

அதே 2016இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ இன்னும் ஓரடி முன்சென்றது. முன்னைப் படத்தில், டோனி இசுடார்க்கு என்னும் படைக்கலச் செல்வன் ஆக்கிய இயந்திர அறிவு தடம் மாறி, சோகோவியா என்னும் கற்பனைச் சிறுநாட்டின் நகரத்தையே வானில் தூக்கிச் சிதைத்தது. பின்னர் இலாகோசு நகரில், மறவர் குழுவினள் ஒருத்தி திசைதிருப்பிய வெடியால் ஏதிலார் பலர் மாண்டனர். ஆகவே, இம்மறவர் தம் விருப்பிற்கு எந்நாட்டிலும் புகுந்து போரிடுதல் கூடாது. உலகமன்றத்திற்குக் கட்டுப்பட வேண்டும் என 117 நாடுகள் உடன்படிக்கை வரைந்தன. மிக உயர்ந்த வினா இது. வல்லவன் நல்லவனாகவே இருப்பினும், அவன் வலிமைக்கு எல்லை வகுப்பவர் யார்?

இவ்விடத்தில்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சோகோவியாவில் மாண்டோர் சார்பாக இசுடார்க்கின் முன் நின்று கண்ணீரோடு கேட்பவள் ஓர் அமெரிக்கத் தாய். மாண்ட அவள் மகனும் அமெரிக்கன். சோகோவியத் தாய் ஒருத்தி வாய்திறக்கக் காணோம். அந்நாட்டில் பிறந்து, இசுடார்க்கின் பெயர் பொறித்த எறிகணையால் பெற்றோரை இழந்த வாண்டா என்னும் பெண்ணோ, வென்றவர் அணியிலேயே சேர்க்கப்பட்டுவிட்டாள். தந்தையையும் மனைவியையும் மகனையும் இழந்து, தன் நாட்டின் பெயரால் கணக்குக் கேட்க வருபவன் சீமோ ஒருவனே. அவனையோ படம் கொடியவன் ஆக்கிவிட்டது. சிறுநாட்டான் துயரைக் கேட்க வேண்டுமாயின், அவன் வெடிகுண்டோடு வந்தால்தான் கேட்கப்படும் என்பது எவ்வகை நயன்மை? இறுதியில் 117 நாடுகளின் வினா, இரு நண்பர்களின் உளக்கசப்பாகச் சுருங்கிக் கைகலப்பில் முடிந்தது.

எனினும் அப்படத்திலேயே ஒரு மணி கிடக்கின்றது. சீமோ வைத்த வெடியால் தந்தையை இழந்த டிச்சாலா என்னும் வக்காண்டா இளவரசன், பழிவாங்கும் வெறியோடு படம் முழுதும் ஓடுகின்றான். இறுதியில் உண்மைக் குற்றவாளி அவன் கைக்கெட்டும் அளவில் அமர்ந்திருக்கின்றான். பழிவெறி அங்கிருந்த அனைவரையும் தின்றுகொண்டிருப்பதைக் கண்ட டிச்சாலா, தன் கூருகிர்களை உள்ளிழுத்துக் கொள்கின்றான். தற்கொலைக்கு முனைந்த சீமோவையும் தடுத்து முறைமன்றத்தின் கையில் ஒப்புவிக்கின்றான். ஓங்கிய கையை இறக்கியவனையே அப்படத்தின் உண்மை மறவன் என்போம்.

அவ்விளவரசன் அரசனாகிய கதை, 2018இல் வந்த ‘பிளாக் பேந்தர்’ என்னும் கருஞ்சிறுத்தை. அவன் தந்தை 1992இல் அமெரிக்க நகரொன்றில் தன் உடன்பிறந்தானையே கொன்று, அவன் சிறுமகனை அங்கேயே கைவிட்டு, உண்மையை மறைத்துவிட்டான். கைவிடப்பட்ட அம்மகனே வளர்ந்து கொடும்பகையாக அரியணை தேடி வருகின்றான். பகை வெளியினின்று வரவில்லை. மறைத்த கொலையினின்று முளைத்தது. இதனை உணர்ந்த டிச்சாலா, இறந்த தன் தந்தையின் உருவை நேர்நின்று கடிகின்றான். பகைவனை வென்றபின், அக்கொலை நிகழ்ந்த அதே கட்டடத்தை வாங்கி அங்குள்ள எளிய மக்களுக்கு உதவும் நடுவம் ஆக்குகின்றான். தந்தை செய்த பிழையைப் பிழையென ஒப்புதல், ஒப்பியபின் ஈடு செய்தல் என்னும் இரண்டும் அங்கே உள. மீமறவர் படங்கள் எட்டிய உச்சம் அதுவே.

அவ்வுச்சியினின்று வீழ்ந்ததும் விரைவிலேயே. 2018இல் வந்த மற்றொரு படத்தில், தானோசு என்பவன் விரல் சொடுக்கி உலகத்து உயிருட் பாதியைத் துகளாக்கினான். அரங்கு உறைந்து போயிற்று. ‘எண்ட்கேம்’ தொடக்கத்தில், ஆற்றல் இழந்து உழவனாய் ஒடுங்கியிருந்த அவன் தலையைத் தோர் கொய்தான். கொய்தும் மாண்டார் ஒருவரும் மீளவில்லை. கொலையின் வெறுமையை அத்துணை நன்றாகக் காட்டிய அப்படமே, முடிவில் என் செய்தது? காலத்தைப் பின்னோக்கிச் சென்று துகளானோரை மீட்டது, இசுடார்க்கு அதே விரற்சொடுக்கால் எதிரிப் படை முழுவதையும் துகளாக்கினான், அரங்கு ஆர்ப்பரித்தது. கருவி ஒன்றே; செயல் ஒன்றே. அவன் செய்தால் கொடுமை, இவன் செய்தால் வெற்றி! இசுடார்க்கு தன் உயிரையே அதற்கு ஈந்தான் என்பது உண்மை. அவ்வீகத்தை நாம் குறைத்துரையோம். ஆயினும், மாண்டவரை மீட்டுத் தரும் கற்பனை, மாந்தன் செய்த வினைக்கு மீட்சி எளிது என்று பிள்ளைகளுக்குப் பொய்யுரைக்கின்றது. வாழ்க்கையில் துகளானவர் துகளானவரே.

நம் காப்பியம் இதனை எவ்வாறு அளந்தது? ஆராயாது கோவலனைக் கொன்ற பாண்டியன் அவையில், துணையற்ற பெண்ணொருத்திக்கு வழக்குரைக்க இடம் இருந்தது. அவள் சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசன் தன் பிழையை உணர்ந்த அளவிலேயே அரியணையில் வீழ்ந்து உயிர்விட்டான். அங்கே வினாவுக்கு முன் மன்றம் வெடிக்கவில்லை. பின்னர்க் கண்ணகி ஏவிய தீயும், முதியோர் குழந்தைகள் முதலானோரை விலக்கித் தீத்திறத்தார்பாற் செல்லுக என்று எல்லை வகுத்தே ஏவப்பட்டது. பெருஞ்சினத்திலும் எவரெவர் சாகலாகாது என்று எண்ணிப் பார்க்கும் உள்ளமே மறவுள்ளம்.

பழம்பெருமை பேசி இங்கே நாம் அமர்ந்துவிடுதல் கூடாது. இன்றைய தமிழ்த் திரைப்படம் ஆலிவுட்டினும் இழிந்தன்றோ கிடக்கின்றது? தலைவன் ஒருவன் அடியாள் நூற்றுவரைத் தூக்கியெறிவான். அவ்வடியாளுக்கும் வீட்டில் ஒரு தாய் இருப்பாள் என்று எந்த இயக்குநர் எண்ணினார்? ஆலிவுட்டான் ஒரு படத்திலேனும் நாணிக் கேட்ட வினாவை நம்மவர் கேட்கவும் நாணவில்லை.

தமிழர்களே! வீழ்ந்தவர்க்குப் பெயர் உண்டா என்னும் வினா நமக்கு வெறுந்திரை வினாவன்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் வீழ்ந்தோர் எத்துணையர், எவரெவர் என்னும் கணக்கை உலகமன்றம் இன்றளவும் முடித்துத் தரவில்லை. பெயரற்ற சாவு எத்தகையது என்பதை அறிந்த இனத்தின் பிள்ளைகள், பெயரற்ற சாவைக் கண்டு கைதட்டிப் பழகலாமா?

படம் பார்க்காதே என்று பிள்ளையைத் தடுப்பதால் பயனில்லை, தடுத்தாலும் பார்ப்பான். பார்த்து வந்த பிள்ளையிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். ‘அந்த அடி யார் மேல் வீழ்ந்தது? வீழ்ந்தவன் சார்பாகப் பேசியவர் யார்? அடித்தவன் அதற்கு என்ன ஈடு செய்தான்?’ வீட்டில் பெற்றோர் கேளுங்கள். பள்ளியில் ஆசிரியர் கேளுங்கள். திரைக்கு எழுதும் தமிழ் இளைஞர் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ளுங்கள். இம்மூன்றற்கும் விடை தேடப் பழகிய பிள்ளை, வலியவனாய் வளர்ந்தாலும் கொடியவனாய் வளரான்.