‘எங்கள் இலாகா அல்ல!’

கீழத் தஞ்சையில் ஒரு கிராமம். குடிசை வாசலில் ஒரு பூவரச மரம். மாடு கட்டும் கயிற்றால் அந்த மரத்தில் ஒரு மனிதன் கட்டப்பட்டிருந்தான். வயது 35 இருக்கும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அறுவடைக்கு யந்திரம் வந்து ஊரில் வேலை குறைந்ததும் திருப்பூருக்குப் போனான். பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்பியபோது, தன்னைக் கொல்ல ஆள் வருகிறது என்று கூச்சலிட்டுக்கொண்டே வந்தான்.

அவனைக் கட்டியது யார்? மிராசுதாரா? போலீஸா? இல்லை தோழர்களே, பெற்ற தாய்தான் கட்டினாள்.

“கட்டாவிட்டால் வாய்க்காலில் போய் விழுகிறான், தோழர். நானும் மருமகளும் களையெடுக்கப் போகாமல் காவல் இருந்தால் அடுப்பிலே பூனை தூங்கும். நான் என்னதான் செய்ய?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, அந்தத் தாயோடு நான் ஏறி இறங்கிய படிகளைக் கேளுங்கள்.

முதற் படி ஆரம்ப சுகாதார நிலையம். “இதற்கு இங்கே மருந்து இல்லை. ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.” இரண்டாம் படி ஜில்லா ஆஸ்பத்திரி. “நோயாளியை அழைத்து வந்தால்தான் பார்க்க முடியும்.” கட்டை அவிழ்த்தால் ஓடுகிறவனை இரண்டு பஸ் மாறி அழைத்து வருவது எப்படி? மூன்றாம் படி போலீஸ் ஸ்டேஷன். “குற்றம் ஏதாவது செய்தானா? இல்லையே! எங்களுக்கு என்ன வேலை?” நான்காம் படி பஞ்சாயத்து ஆபீஸ். “குடிதண்ணீர், தெரு விளக்கு என்றால் சொல்லுங்கள்.” ஐந்தாம் படி தாலுகா ஆபீஸ். “உதவித் தொகையா? டாக்டர் சர்டிபிகேட் எங்கே?” டாக்டரோ ஆளைப் பார்த்தால்தான் சர்டிபிகேட் கொடுப்பார். சுற்றிச் சுற்றி வந்தால் அதே மரம், அதே கயிறு!

ஐந்து ஆபீஸ், பதில் ஒன்றே: ‘எங்கள் இலாகா அல்ல!’ நோய் அந்த மனிதனுக்கு மட்டுந்தானா? இந்த இலாகாக்களைப் பிடித்த நோய்க்கு வைத்தியம் செய்வது யார்?

சட்டம் தூங்குகிறது

“சட்டத்தில் இடமில்லை” என்று கைவிரிக்கும் கனவான்கள் உண்டு. பச்சைப் பொய்! பார்லிமெண்ட் 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 மே 29 முதல் அது அமலில் இருக்கிறது.

அதன் 18ஆவது பிரிவு என்ன சொல்கிறது? மனநோய்க்குச் சிகிச்சை பெறுவது உரிமை. ஏழைக்கும் வீடற்றவனுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அது இலவசம். ஜில்லாவில் குறைந்தபட்ச மனநலச் சேவைகூட இல்லை என்றால், ஜில்லாவுக்குள் வேறு இடத்தில் சிகிச்சை பெற்ற செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும். 95ஆவது பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. 100ஆவது பிரிவு, மனநோயால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் அலைகிறவனைப் போலீஸ் அதிகாரி தம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்கிறது. லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது 32ஆவது பிரிவு. சுகாதாரம், போலீஸ், சமூக நீதி, வேலைவாய்ப்பு, கல்வி, பெண்கள் குழந்தைகள் நலம் ஆகிய இலாகாக்கள் மனநல விஷயத்தில் ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்யும்படி பார்ப்பது சர்க்காரின் கடமை என்று அது கட்டளையிடுகிறது. அப்படியானால் ‘எங்கள் இலாகா அல்ல’ என்று சொல்ல எந்த இலாகாவுக்கு அதிகாரம் இருக்கிறது?

28 உயிர்கள்

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கு மேற்பட்டவர்கள் சர்க்கார் பராமரிப்புக்கு வந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது.

அந்தக் கொட்டகைகள் ஒரே ராத்திரியில் முளைத்தவையா? ஊரறிய, உலகறிய நின்றவை அல்லவா? 28 பேர் வெந்து சாம்பலான பிறகு சேர்ந்து உட்கார முடிந்தவர்கள், அதற்கு முன்னால் சேர்ந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா?

தர்காவுக்குப் போகிறவர்களையும் கோயிலில் விளக்கேற்றுகிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கதவு சாத்திக் கிடந்தால் ஏழை சாமியின் கதவைத்தான் தட்டுவான். பிற்பாடு ஏர்வாடி தர்காவிலேயே சர்க்கார் மனநல மருத்துவம் வந்தது. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில் அதற்கு முன்பே பிரார்த்தனையும் மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. டாக்டரும் தர்காக்காரரும் ஒரே பாயில் உட்கார முடியும்போது, ஒரே சர்க்காரிடம் சம்பளம் வாங்கும் இலாகாக்களால் முடியாதா?

நம்மவரிலும் சிலர்

எதிரியை மட்டும் ஏசிவிட்டு நம் வீட்டு அழுக்கை மறைக்கக் கூடாது. “முதலில் கூலி, போனஸ், நிலம். மனசு சமாச்சாரமெல்லாம் பணக்காரன் வீட்டுப் பேச்சு” என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்காரின் கணக்கையே எடுத்து வைக்கிறேன். தேசியக் குற்றப் பதிவுத் துறையின் கணக்குப்படி 2021ஆம் வருஷம் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர். அதில் தினக்கூலிகள் 42,004 பேர். நாலில் ஒருவர் தினக்கூலி! விவசாயத் தொழிலாளர் 5,563 பேர். அது இந்தக் கணக்கில் சேராமல் தனி. பணக்காரன் வீட்டுப் பேச்சா இது?

“அவர்களைக் கொன்றது கடன், கூலிக் குறைவு, வேலையின்மை. மாத்திரை கொடுத்தால் தீருமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாத்திரையால் கடன் தீராது. ஆனால் மில்லில் ஒரு தோழனின் கை யந்திரத்தில் நசுங்கினால் நாம் என்ன செய்கிறோம்? நஷ்ட ஈட்டுக்குப் போராடுகிறோம். பாதுகாப்புக் கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறோம். அதற்காக வழிகிற ரத்தத்தைக் கட்டாமல் விடுகிறோமா? நசுங்கிய கைக்கு ஒரு நீதி, நசுங்கிய மனசுக்கு வேறு நீதியா?

மில் தோழர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. விதிகளில், நீடித்த நோய்களுக்கான உதவிப் பட்டியலில் கடும் மனநோயும் இருக்கிறது. சந்தா நிபந்தனைகள் சரியாக இருந்தால், சாதாரண நோய்க்கால உதவி தீர்ந்த பிறகும் கூலியில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்க வழியுண்டு. நம் மில்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? “கிறுக்கன்” என்று பட்டம் கட்டி முதலாளி வெளியே தள்ளும்போது யூனியன் வாய் மூடி நின்றால், அந்த உரிமை காகிதத்திலேயே செத்துப்போகும்.

நோயாளிகளில் எத்தனை பேருக்கு வைத்தியம் எட்டுகிறது? பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும், 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை இல்லாமலே கிடக்கிறார்கள் என்று கண்டது. தேசிய மனநலத் திட்டம் வந்தது 1982இல். ஜில்லா மனநலத் திட்டம் தொடங்கியது 1996இல். தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட ஜில்லா திருச்சி. இத்தனை வருஷம் ஓடியும் அந்தப் பூவரச மரத்துக்குத் திட்டம் வந்து சேரவில்லையே!

கலிபோர்னியா தரும் பாடம்

“சேர்ந்து ஒப்பந்தம் போட்டால் எல்லாம் நடந்துவிடுமா?” என்று கேட்பீர்கள். கையெழுத்து மட்டும் போதாது என்பதற்கு டாலர் தேசத்திலேயே சாட்சி இருக்கிறது.

அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில் பொமோனா, கிளேர்மாண்ட், லா வெர்ன் என்று மூன்று நகரங்கள். தனித்தனியே மனநல வைத்தியம் நடத்தத் தெம்பில்லாத இந்த மூன்று நகரசபைகளும் 1960இல் ஒரு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரே மனநல நிலையத்தை ஏற்படுத்தின. அருமையான யோசனைதான். ஆனால் 2004இல் அந்த நிலையம் திவால் மனுப் போட்டது. மூன்று கையெழுத்து இருந்தது. பெட்டியில் காசு இல்லை!

அதே 2004 நவம்பரில் கலிபோர்னியா ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவன், அதற்கு மேற்பட்ட வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று வரி கட்ட வேண்டும். அந்தப் பணம் மனநல வைத்தியத்துக்கு. அந்த மூன்று நகர நிலையம் இன்றும் நடக்கிறது. முதலாளித்துவத்தின் தலைவாசலிலேயே பணக்காரனிடம் வரி வாங்கித்தான் நோயாளிக்கு மருந்து கொடுக்க முடிந்தது. நம் ஆட்சியாளர்கள் அமெரிக்காவைப் பார்த்து எதை எதையோ காப்பியடிக்கிறார்களே, இதைக் காப்பியடித்தால் என்ன?

இங்கே நிலைமை என்ன? மத்திய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்கு ஒதுக்குவது 100 ரூபாயில் ஏறக்குறைய ஒரு ரூபாய். அதிலும் பெரும்பகுதி பெரிய ஸ்தாபனங்களோடு நின்றுவிடுகிறது. கிராமத்துக்கு வருவது சில்லறை.

வாய்ச்சொல் போதாது

அந்தப் பூவரச மரத்துக் கதை பாதியில் நிற்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

விவசாயத் தொழிலாளர் சங்கம் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தது. தாசில்தார் ஐந்து இலாகாக்காரரையும் ஒரே மேஜைக்குக் கூப்பிட்டார். மறுநாளே ஜில்லா மனநலத் திட்டத்து டாக்டர் குடிசைக்கு வந்தார். வண்டி கொடுத்தது பஞ்சாயத்து. கூட வந்தவர் ஒரு போலீஸ்காரர். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் கயிறு அவிழ்ந்தது. அவன் குளித்தான், சாப்பிட்டான், தன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டான். முடியாது என்றார்களே, எப்படி முடிந்தது?

ஆனால் ஏழாம் மாதம் தாசில்தார் மாற்றலாகிப் போனார். டாக்டரும் போனார். சுகாதார நிலையத்தில் மாத்திரை நின்றது. “பழையவர் வாயால் சொன்னது எங்களுக்குத் தெரியாது” என்றார் புதியவர். கயிறு மறுபடியும் மரத்துக்கு வந்துவிட்டது.

ஆகவே நாம் கேட்பது நல்ல மனசுக்காரரின் தயவு அல்ல. ஆள் மாறினாலும் மாறாத, எழுத்தில் உள்ள கூட்டு ஒப்பந்தம்! ஒவ்வொரு ஜில்லாவிலும் சுகாதார இலாகா, போலீஸ், ஊராட்சி, நகராட்சி, வருவாய் இலாகா, தொழிலாளர் இலாகா, இ.எஸ்.ஐ., மாற்றுத்திறனாளி நல இலாகா ஆகிய எல்லாம் அதில் கையெழுத்திட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

1. எந்த வேலை எந்த இலாகாவுடையது, எத்தனை நாளில் முடிய வேண்டும் என்பது பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். யார் முதலில் மனு வாங்குகிறாரோ அவரே மற்ற இலாகாக்களுக்கு அனுப்ப வேண்டும். ஜனங்களை அலைக்கழிக்கக் கூடாது.

2. மாதாந்திர மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். வர முடியாத நோயாளியின் வீட்டுக்கு டாக்டர் வர வேண்டும்.

3. ஒவ்வொரு இலாகாவும் தரும் பணம் எவ்வளவு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். காசில்லாத ஒப்பந்தம் கலிபோர்னியாவில் திவாலானது போலத்தான் ஆகும்.

4. கண்காணிப்புக் கமிட்டியில் தொழிற்சங்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், நோயாளிகளின் குடும்பத்தார் ஆகியோருக்கு இடம் வேண்டும்.

5. தனியார் டிரஸ்டுகளின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுச் சர்க்கார் கை கழுவக் கூடாது. தொண்டு செய்கிறவர்களை வணங்குகிறோம், கடமை சர்க்காருடையது.

தோழர்களே! உங்கள் தெருவில் கட்டப்பட்டுக் கிடப்பவர் யார்? உங்கள் மில்லில் திடீரென்று நின்றுபோனவர் யார்? அவர் வீட்டுக்குப் போங்கள். கேலி பேசுகிறவர் வாயை அடக்குங்கள். வர்க்கத்தில் பிறந்தவன் நோயில் விழுந்தால் வர்க்கத்துக்கு அந்நியனாகிவிட மாட்டான். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். சங்கக் கிளைகள் கையெழுத்து வாங்கி, கலெக்டரிடம் மகஜர் கொடுங்கள். பதில் வராவிட்டால், அந்தத் தாயையும் அழைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவோம்.

‘எங்கள் இலாகா அல்ல’ என்று அவர்கள் சொல்லட்டும். இவன் எங்கள் ஆள் என்று நாம் சொல்லுவோம்!