பல்லைப் பிடுங்கும் முன் சொல்லுங்கள்!

பல் டாக்டரிடம் போனால், 'சுகர், பிரஷர் இருக்கா... தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?' என்று கேட்கின்றனர். எலும்பு பலவீனத்துக்காக நாம் சாப்பிடும் மருந்து, இந்தக் கேள்வியில் அகப்படுவதே இல்லை. ஏனெனில், அது வாரம் ஒரு மாத்திரை. அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. சிலருக்கு வருஷத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ்.

எங்கள் தெரு அக்கா ஒருவர், ஐந்து வருஷமாக, 'அலண்ட்ரோனேட்' என்ற வார மாத்திரை சாப்பிடுகிறார். ஆடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, இரண்டு மாதமாகியும் குழி மூடவில்லை; உள்ளே தாடை எலும்பு வெளியே தெரிந்தது. மின்சார ரயிலேறி, சென்னையில் பெரிய பல் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகே காரணம் புரிந்தது. 'தினமும் சாப்பிடறீங்களான்னு தானே கேட்டாங்க... இல்லைன்னேன்' என்கிறார். அவர் சொன்னதில் என்ன தப்பு?

பழைய எலும்பு கரைந்து, புது எலும்பு வளர்ந்தால் தான் பல் பிடுங்கிய குழி ஆறும். இந்த மருந்தோ, எலும்பு கரைவதையே தடுப்பது. அதனால், சிலருக்கு தாடை எலும்பு ஆறாமல் செத்துப் போகிறது. 2003ல், அமெரிக்க டாக்டர் ராபர்ட் மார்க்ஸ் இதை எடுத்துச் சொன்னார். இத்தனை வருஷமாகியும், நம் வீடுகளுக்கு அந்த விஷயம் வந்து சேரவில்லை.

அதற்காக யாரும் பயந்து, மருந்தை நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போடுவோருக்கே ஆபத்து அதிகம். மற்றவர்களுக்கு மிக அபூர்வம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழாமல் காப்பதும் இதே மருந்து தான். ஆறு மாத ஊசியை நாமாக நிறுத்தினால், முதுகெலும்பு நொறுங்கவும் கூடும்.

மருந்தை ஆரம்பிக்கும் முன்பே, பல்லைக் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறிய பின் தொடங்குவது நல்லது. ஏற்கனவே சாப்பிடுவோர், மருந்துச் சீட்டையும் பல் டாக்டரிடம் எடுத்துப் போகட்டும். கால்சியம் மாத்திரைக்கு இந்தக் கவலை வேண்டாம்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்... எலும்பு மருந்து எழுதும்போதே, 'பல் பிடுங்குவதானால் சொல்லிட்டு செய்ங்கம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பல் டாக்டர்களும், 'எலும்புக்கு ஊசி, மாத்திரை எடுத்ததுண்டா?' என்று தனியாகக் கேட்கலாமே!

— ஒரு வாசகி, மீஞ்சூர்.