வேகன் நம்பரைக் கூட்டும் பையன்



போன மாதம் ஒரு வேலையாக எளாவூர் போயிருந்தேன். மின்ரயில்கள் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதைத் தாண்டி சூலூர்ப்பேட்டை வரை ஓடுகிற வண்டிகள் சிலதான். அப்படி ஒன்றுக்காக ஸ்டேஷனில் காத்திருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மாவும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர் மகனும். சரக்கு ரயில் ஒன்று மெல்ல ஊர்ந்து போனது. வேகன் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் 11 இலக்க எண் இருக்கும். அத்தனை இலக்கங்களையும் கூட்டி, வேகன் கடப்பதற்குள் விடையை முணுமுணுத்துக்கொண்டிருந்தான் பையன். நான் ஒன்றைச் சரிபார்த்து முடிப்பதற்குள் அவன் நான்கு வேகன் தள்ளிப் போயிருந்தான்.

"சொந்தக்காரங்க வந்து 'கூட்டிக் காட்டுடா'ன்னா மட்டும் வாயே திறக்க மாட்டான் சார்" என்றார் அம்மா. அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சென்னையில் கோச்சிங் சேர்க்கச் சொல்லி எல்லோரும் நெருக்குகிறார்கள். "குகேஷே ஸ்கூலுக்குப் போறத நிறுத்திட்டாராமே?"

நாலாம் வகுப்புக்குப் பிறகு செஸ் வீரர் குகேஷ் முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை என்பது உண்மை. 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலக சாம்பியன். ஆனால் அந்த வீட்டில் முதலில் தொழிலை ஒதுக்கி வைத்தவர் மகன் அல்ல, காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா. குடும்பத்தைத் தாங்கியது அம்மாவின் சம்பளம். ஷிப்டுக்குப் போகிறவரால் அப்படி விட முடியுமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பள்ளியை விட்டு, ஜெயிக்காமல் போன பிள்ளைகளின் கதையை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை. நாங்களும் போட்டதில்லை.

அம்மா தன்னிடம் சொல்வதாக குகேஷ் ஒரு பேட்டியில் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும். நல்ல செஸ் வீரன் என்று நாலு பேர் சொன்னால் சந்தோஷம், நல்ல மனிதன் என்று சொன்னால் அதைவிடச் சந்தோஷம் என்பாராம். பட்டம் வென்ற கையோடு அந்தப் பையன், உயரத்தைக் கண்டால் பயப்படுகிறவன், பயிற்சியாளருக்குக் கொடுத்த வாக்குக்காகச் சிங்கப்பூரிலேயே கயிற்றைக் கட்டிக்கொண்டு மேலிருந்து குதித்தான். அப்போது அவன் போட்ட கத்தலைக் கேட்டிருப்பீர்கள். பதினெட்டு வயதுக்கான கத்தல் அது.

இன்னொரு செஸ் வீரரான பிரக்ஞானந்தாவின் வீட்டில் செஸ் நுழைந்ததே அக்கா வைஷாலியை டிவி கார்ட்டூனிலிருந்து எழுப்பத்தான். செலவுக்குப் பயந்து தம்பியைச் சேர்க்க அப்பா தயங்கினார். அவன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தானாகவே ஒட்டிக்கொண்டான். இன்று இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் சிடிஸ் என்றொரு பையன் இருந்தான். 1909-ல், 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தான். உளவியலாளரான அப்பாவுக்கு மகனே தன் கொள்கைக்குச் சாட்சி, செய்தித்தாள்களும் விடவில்லை. வளர்ந்தபின் சிடிஸ் ஊர் கண்ணில் படாமல் ஒதுங்கி, கூட்டல் இயந்திரம் ஓட்டும் குமாஸ்தா வேலைகளில் காலம் தள்ளினார். டிராம் டிக்கெட் சேகரிப்பதில் மட்டும் அவருக்குத் தீராத ஆசை. 1937-ல் ஒரு பத்திரிகை அவரைத் தேடிப் பிடித்துக் கிண்டலாக எழுதியது. 46 வயதில் இறந்துபோனார். டிராம் டிக்கெட்டை மட்டும் யாரும் அவரைச் சேகரிக்கச் சொல்லவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை; வண்டி வந்துவிட்டது. சிலவற்றை மட்டும் சொன்னேன். கணக்குப் புத்தகம் எவ்வளவு கேட்டாலும் வாங்கிக் கொடுங்கள், கணக்கு வாத்தியாரிடம் தனியாகப் பேசுங்கள். "கூட்டிக் காட்டு" என்கிறவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கோச்சிங் போகலாமா என்பதை அவன் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அவர் தலையாட்டினார், ஒப்புக்கொண்டாரா தெரியவில்லை. பையன் எங்கள் ரயில் பெட்டியின் எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வாங்கிய பரிசுகளின் பட்டியல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்