ஆமெனில் மட்டும் சேர்கிறோம்

பேராக்கில் கிறிஸ்தவச் சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்குப் பழகிய காட்சிதான். இயேசு கற்பித்த ஜெபம் தொடங்கும். மெதடிஸ்ட் வரிசை 'பிதா' என்னும், எதிரே கத்தோலிக்க வரிசை 'தந்தை' என்னும். நடுவில் இரு தரப்பும் தடுமாறி, 'ஆமென்' வரும்போதுதான் குரல் சேரும்.

இவர்கள் ஒரே தோட்ட லயத்தில் வளர்ந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் துண்டாடப்பட்டது, ஈப்போவின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இப்போது ஞாயிறு காலையில் ஒரு வீட்டார் சிலிபின் லூர்து மாதா ஆலயத்துக்கும், அடுத்த வீட்டார் தமிழ் மெதடிஸ்ட் சபைக்கும் காரை எடுக்கிறார்கள்.

மேல்மட்டத்தில் ஒன்றிப்புப் பேச்சுக்குக் குறைவில்லை. 1980களிலேயே கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் மலேசியக் கிறிஸ்தவச் சம்மேளனமாகக் கூடிவிட்டார்கள். மீட்பு பற்றிய பழைய வழக்கில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999இல் கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். தமிழிலும் இரு தரப்பு அறிஞர்கள் உட்கார்ந்து உழைத்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதைக் கத்தோலிக்கர் எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்களில் பலர் பழைய வேதாகமத்தை விடவில்லை. காதில் ஏறிய தமிழை விடுவது லேசில்லை, அதைக் குற்றம் சொல்ல மாட்டோம்.

நற்கருணையை ஒரே மேசையில் பகிர்வது இன்னும் தொலைவில் இருக்கிறது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம். அதில் ஓர் இரவை ஈப்போ சபைகள் தமிழுக்கு ஒதுக்கட்டும். பாதிரியாரும் போதகரும் முன்கூட்டியே பேசி, எந்தச் சொல்லில் ஜெபத்தைத் தொடங்குவது என்று முடிவு செய்துகொள்ளட்டும். பிறகு பசியாற ஏதாவது இருக்கட்டும்.