தாய்மரத்தை வெட்டிவிட்டு மரபணு வரைபடமா?

மரபணு வரைபடம் வந்துவிட்டால் காடு தானாகவே செழித்துவிடும் என்று நம்மவர் சிலர் எழுதி வருகின்றனர். புலம்பெயர் நாடுகளிலிருந்து வரும் மடல்களிலும் அதே உற்சாகம். வன்னியில் நிலம் கிடக்கிறது, விஞ்ஞானம் இருக்கிறது, உயர்ரகத் தேக்கை நட்டால் என்ன என்கிறார்கள். விஞ்ஞானத்தோடு எனக்குப் பிணக்கில்லை. அதைக் காட்டி வேறொன்றை மறைப்பவர்களோடுதான் பிணக்கு.

முறை பயனுள்ளதே. நெல்லில் ஒரு தலைமுறையைக் காண நான்கு மாதம் போதும். மரத்தில் வைரம் எப்படிப் பாய்ந்தது என்று பார்ப்பதற்குள் நட்டவனின் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே, தெரிந்தெடுத்த தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த பல கன்றுகளை வளர்த்து, மரபணுவில் உள்ள எந்த அடையாளம் எந்தக் குணத்தோடு சேர்ந்தே வருகிறது என்று கணக்கிடுகிறார்கள். அது தெரிந்தபின் நாற்றுமேடையிலேயே நல்ல கன்றைப் பொறுக்கி விடலாம். 1994இல் யூக்கலிப்டஸ் மரத்துக்கு இத்தகைய வரைபடம் வெளிவந்தது. 2006இல் பொப்பிளர் மரத்தின் முழு மரபணுத் தொகுதியையே வாசித்தார்கள். 2018இல் கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனத்தார் தேக்கின் மரபணுத் தொகுதிக்கு முன்வரைவை வெளியிட்டனர். பாராட்டுக்குரிய பணி.

ஆனால் தேக்கு வன்னியின் மரமன்று. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொண்டுவந்த விருந்தாளி. வீட்டுக்காரர்களான பாலையும் முதிரையும் கருங்காலியும் இந்த உற்சாகத்தில் எங்கே? முதிரையை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998இலேயே அழியும் ஆபத்துள்ள இனங்களின் செம்பட்டியலில் சேர்த்தது.

வரைபடத்துக்கு முதலில் வேண்டியது ஆய்வுகூடமன்று. வயதேறிய, ஒன்றிலிருந்தொன்று வேறுபட்ட தாய்மரங்கள். அவைதாம் முல்லைத்தீவுக் காட்டிலும் வவுனியாக் காட்டிலும் வீழ்ந்துகொண்டிருக்கின்றன. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குப் போனது ஒரு பங்கு. 2009க்குப் பின் இரவு வாகனங்களில் போவது இன்னொரு பங்கு. கள்ளமரம் தறிப்பவன் கூனலையும் பொந்தையும் தொடுவதில்லை. நிமிர்ந்து வளர்ந்து வைரமேறிய மரத்தையே தேடிச் செல்கிறான். விதைக்கு எஞ்சுவது கோணல். இனவிருத்தியாளன் ஆண்டுக்கணக்கில் செய்யும் தெரிவை அவன் ஒரே இரவில் தலைகீழாகச் செய்து முடிக்கிறான், அதற்குக் காசும் வாங்குகிறான்! பிடிபட்ட குற்றிகளின் படம் பத்திரிகையில் வருகிறது. குற்றி முளைக்குமா?

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. 2021இல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகமே கிடைத்தது. இவ்விரண்டும் வனவளத் திணைக்களமும் ஒன்றுகூடி எஞ்சிய தாய்மரங்களுக்கு எண்ணிட்டு, விதை திரட்டி, எந்தக் கன்று எந்தத் தாய்க்கு உரியது என்று பதிந்து நட எவ்வளவு செலவாகும்? கொஞ்சம் நிறமை, ஒரு பதிவேடு, காவலுக்குச் சில ஆட்கள். கோடிகள் கேட்கும் இயந்திரங்கள் பிறகு வரட்டும்.

அப்போதும் பலகை அளவு மட்டும் பார்த்துத் தெரிவு செய்யக்கூடாது. பாலைப்பழம் தின்று பசியாறிய சனம் இன்னும் அங்கே வாழ்கிறது. கரடிக்கும் பறவைக்கும் அதுவே உணவு. அடுத்த பழப்பருவத்துக்கு முன் எண்ணிடும் வேலையைத் தொடங்கினால் அந்த ஆண்டு விதையாவது தப்பும்.