அதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்!

சென்ற ஞாயிறன்று விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பெரும் வாக்குவாதம். பேச்சு, சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பற்றியது. வடநாட்டு நண்பர் ஒருவர், "உங்கள் நடராஜன் அதிர்ஷ்டசாலி ஐயா! மூவர் காயப்பட்டார்கள், மூன்று முறையும் அவருக்கு இடம் கிடைத்தது" என்று ஒரே போடாகப் போட்டார். நம்மவர் இருவர் அதற்கு ஆமாம் போட்டதுதான் எனக்கு வியப்பு.

நண்பர் சொன்ன கணக்கு பொய்யன்று. 2020 இறுதியில் ஆஸ்திரேலியா செல்ல இருந்த இந்தியக் குழுவில், வலைப்பயிற்சிக்குப் பந்து வீசத்தான் முதலில் நடராஜனைத் தேர்ந்தெடுத்தார்கள். வருண் சக்கரவர்த்தி காயமுற்றதால் இருபது ஓவர் அணியிலும், சைனியின் முதுகு வலியால் ஒருநாள் அணியிலும், உமேஷ் யாதவ் காயமுற்றதால் டெஸ்ட் அணியிலும் அவர் பெயர் சேர்ந்தது. டிசம்பர் 2இல் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம். 4இல் அங்கேயே இருபது ஓவர் ஆட்டம். 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். 44 நாட்களில் மூன்றும்! ஒரே பயணத்தில் இப்படி மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான இந்தியர் அதற்கு முன் எவருமில்லை. பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் சதமடித்து நின்ற லபுஷேன் உட்பட மூவரை வீழ்த்தினார்.

கதவு திறந்தது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கதவின் முன் இவர் எப்படி வந்து நின்றார் என்றல்லவா கேட்க வேண்டும்?

தந்தை நெசவுத் தொழிலாளி. தாய் சாலையோரம் கோழிக்கறி விற்றவர். இருபது வயது வரை மகன் அறிந்ததெல்லாம் டென்னிஸ் பந்து. ஊர்ப் பந்தயம் ஆடியவர்களுக்கு அதன் சங்கதி தெரியும். பந்து லேசு, தையல் இல்லை, எல்லைக்கோடோ கூப்பிடு தூரம். அளவு சற்றுப் பிசகினாலும் பந்து அடுத்தவர் கொல்லையில் கிடக்கும். மட்டைக்காரனின் காலடியில் இறக்கினால்தான் தப்பலாம். நடராஜனின் யார்க்கர் அந்தப் புழுதியில் விளைந்ததுதான். அதைக் கண்டுகொண்டு அவரைச் சென்னைக்கு அனுப்பி வைத்தவர் உள்ளூர் அண்ணன் ஜெயப்பிரகாஷ்.

2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக முதல் ரஞ்சி ஆட்டம். அதிலேயே விழுந்தது இடி: பந்து வீசும் முறை ஐயத்துக்குரியதாம்! எல்லாரும் ஏழ்மையைப் பேசுகிறார்கள். இதைப் பேசுவார் இல்லை. எனக்கோ அவர் வாழ்வில் இதுவே பெரிய செய்தி. கையெழுத்தை மாற்று என்று யாராவது சொன்னால் நாம் என்ன பாடுபடுவோம்! அவர் 23 வயதில், பழகிய கையையே புதிதாகப் பழக்கினார். கூட்டமும் இல்லை, கைதட்டலும் இல்லை. மீண்டு வந்து, 2017இல் பஞ்சாப் அணிக்கு 3 கோடி ரூபாய்க்கு ஏலம் போனார். அடுத்த இரண்டு ஆண்டு ஐதராபாத் அணியில் ஓர் ஐ.பி.எல். ஆட்டமும் இன்றி உட்கார்ந்திருந்தார். 2020இல் 16 ஆட்டங்களில் 16 விக்கெட். அதன் பிறகுதான் நண்பர் சொன்ன அதிர்ஷ்டம் வந்தது.

இதை நம் மலரில் எழுத வேறொரு காரணமும் உண்டு. நம் சமையற்கூடத்தில் பாத்திரம் துலக்கும் தம்பி ஒருவன், மாலையில் விடுதிப் பின்புறம் டென்னிஸ் பந்து வீசுகிறான். நான் மூன்று முறை எதிர்கொண்டு மூன்று முறையும் ஸ்டம்பைப் பறிகொடுத்தேன். (என் ஆட்டத்தை வைத்து அவனை அளக்க வேண்டாம், அணித்தலைவரும் தப்பவில்லை.) மாணவர் அல்லாதார்க்கு மைதான வலைக்குள் இடமில்லை என்பது விதி. சனிக்கிழமைப் பிற்பகல்களில் அந்த வலை காற்று வாங்கிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடராஜனுக்காகத் தொலைக்காட்சி முன் தொண்டை கிழியக் கத்தியவர்கள் நாம்!

வாரத்தில் அந்த ஒரு பிற்பகல் மட்டும் அவனுக்கு வலையும் தோல் பந்தும் தர வேண்டுமென விளையாட்டுச் செயலாளருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். அவனுக்கு வயது 19. மனு என் அறை மேசைமேல் இருக்கிறது. இதுவரை ஐந்து கையெழுத்து. அன்று ஆமாம் போட்ட இருவரும் ஒருமுறை வந்து படித்துப் பார்க்கட்டும்.