தொட்டி கழுவ ஒரு மீனா?

மீன் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்ற பேரில் ஒரு மீன் விற்கிறார்கள். சக்கர் என்றும் சொல்வதுண்டு. கறுப்பாக, முரட்டுத் தோலோடு, கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு கிடக்கும். கோல்டு ஃபிஷ் வாங்கப் போனால், “சார், இதுலயும் ஒண்ணு போட்டுக்குங்க, பாசியெல்லாம் இதுவே தின்னுடும், கழுவற வேலையே இல்ல” என்று கடைப் பையன் சொல்வான். விலையும் கொஞ்சம்தான். பேரப்பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறது. வாங்கிவிடுகிறோம். கோல்டு ஃபிஷ் இருக்கும் தொட்டியில் இந்த மீனைச் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

பேர்தான் நம்மை ஏமாற்றுகிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு கோல்டு ஃபிஷ் என்றால் ‘புவாசோன் ரூஜ்’, அதாவது சிவப்பு மீன். பிரெஞ்சுக்காரன் கண்ணால் பார்த்த நிறத்தைச் சொன்னான்; ஆங்கிலேயன் தங்கம் என்று விலையை ஏற்றிவிட்டான் என்று எங்களுக்குள் கேலி பேசுவோம். அந்தக் கணக்கில் பார்த்தால் ‘டேங்க் கிளீனர்’ என்ற பேரை வைத்தவன் இன்னும் பெரிய ஆள். துப்புரவுக்கென்று எந்த மீனும் பிறக்கவில்லை. அது தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் ஒரு கெளுத்தி இனம். பசிக்கும்போது கிடைத்ததைச் சுரண்டித் தின்னும்.

விரல் நீளத்தில் வாங்கி வந்தது ஒரு அடிக்கு மேல் வளரும் என்று கடையில் யாரும் சொல்வதில்லை. நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் இரண்டடித் தொட்டி. குட்டியாக இருக்கும்வரை பாசியைத் தின்கிறது, உண்மைதான். வளர வளரத் தொட்டியில் உள்ள பாசி அதன் வயிற்றுக்குப் போதாது. பகலெல்லாம் மூலையில் பதுங்கிக் கிடந்துவிட்டு ராத்திரியில்தான் இரை தேடிக் கிளம்பும். கோல்டு ஃபிஷ்ஷோ ராத்திரியில் அடியில் போய் அசையாமல் நின்று தூங்கும். அதன் உடம்பின்மேல் உள்ள கொழகொழப்பு சக்கருக்கு நல்ல தீனி. ராஞ்சு, ஒராண்டா மாதிரி பந்து உடம்புக்காரர்களுக்கு வேகமாக நீந்தி விலகவும் தெரியாது. கொழகொழப்பு போன இடத்தில் செதிள் உதிரும், புண்ணாகும், பஞ்சு மாதிரிப் பூஞ்சை பிடிக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் மூன்று மாதத்தில் இரண்டு மீன் போயிற்று. தண்ணீர் சரியில்லை என்று மருந்து மேல் மருந்தாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக் குழந்தைதான், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கறுப்பு மீன் சிவப்பு மீன்மேல் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சொன்னது.

மேல்நாட்டுப் புத்தகங்கள் இதற்கு வேறு காரணம் சொல்லும்: கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், சக்கர் வெப்ப நாட்டு மீன், இரண்டும் ஒத்துப்போகாது என்று. புதுச்சேரியில் அந்த வாதம் எடுபடாது. இங்கே வருஷத்தில் பாதி நாள் தொட்டித் தண்ணீர் 28, 30 டிகிரியில்தான் நிற்கிறது; சக்கருக்கு அது சொந்த ஊர் மாதிரி. கோல்டு ஃபிஷ்தான் திண்டாடுகிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். ஏற்கெனவே மூச்சுக்கு அல்லாடும் வீட்டில் இன்னொரு பெரிய உருப்படியைக் குடிவைப்பானேன்?

அதோடு சக்கர் போடும் கழிவு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் பார்த்தால் மணல்மேல் நூல் நூலாகக் கிடக்கும். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. தேங்கின கோப்பைத் தீர்க்க ஒரு ஆளைப் போடுவார்கள். அவருக்கு ஒரு மேஜை, ஒரு பீரோ. ஆறு மாதத்தில் அவர் பேரில் ஒரு கட்டுக் கோப்பு தேங்கும்.

சரி, சக்கர் வேண்டாம், வேறு எதை விடலாம்? மஞ்சளாக அழகாய் இருக்கிறதே என்று கோல்டன் சக்கரை வாங்காதீர்கள். அதற்குச் சீனப் பேரும் உண்டு. வளர்ந்தபின் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களைத் துரத்தி ஒட்டிக்கொள்வதில் இது முன்னதைவிட மோசம். ஒட்டோ என்று ஒன்றரை அங்குலத்தில் ஒரு சாதுவான மீன் உண்டு. ஆனால் கோல்டு ஃபிஷ் வாய்க்குள் போகிற எதையும் விழுங்கிப் பார்க்கும். ஒட்டோவின் துடுப்பு முள் தொண்டையில் குத்தி நின்றுவிட்டால் இரண்டுக்கும் சாவு. இறால் விடலாம் என்பவர்கள் மீனுக்கு விருந்து வைக்கிறார்கள். பிரிஸில்நோஸ் என்று தாடி முளைத்த ஒரு சக்கர் இருக்கிறது, ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும். நாலடித் தொட்டியும், ராத்திரியில் அதற்கென்று வெள்ளரித் துண்டு போடும் பொறுமையும் இருந்தால் பார்க்கலாம். நான் வைக்க மாட்டேன்.

என் ஓட்டு நெரைட் நத்தைக்கு. கண்ணாடியை வரி வரியாக மேய்ந்து சுத்தமாக்கும், மீனைத் தொடாது. மீனும் அதன் கெட்டி ஓட்டை ஒன்றும் செய்ய முடியாது. குஞ்சுகளுக்கு உப்பங்கழித் தண்ணீர் தேவை என்பதால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் இனம் பெருகித் தொல்லை தராது. ஒன்று கவனிக்க வேண்டும்: மீனுக்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றினால் நத்தை செத்துப்போகும்.

அதற்கும் முன்னால், பாசி ஏன் வருகிறது என்று பாருங்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது. போட்டதெல்லாம் தின்று உடனே கழிவாக வெளியே தள்ளும். அந்தக் கழிவும் ஜன்னல் வெயிலும் சேர்ந்தால் பாசிதான். தொட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். விளக்கு எட்டு மணி நேரம் போதும். தீனியைப் பாதியாக்குங்கள், பேரன் பேத்திகள் ஆளுக்கொரு சிட்டிகை போடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுங்கள். மிச்சமிருக்கும் கொஞ்சம் பாசியை கோல்டு ஃபிஷ்ஷே மேயும். சீனாவில் ஆயிரம் வருஷமாக இந்த மீனை வளர்க்கிறார்கள்; தென் அமெரிக்க சக்கரை அவர்கள் யாரிடம் போய் வாங்கினார்கள்?

ஏற்கெனவே சக்கரை வாங்கி வளர்த்துவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊசுடேரியிலோ, கோயில் குளத்திலோ, வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் விடுகிறார்கள். அது கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். முள் துடுப்பு வலையைக் கிழிக்கும். தண்ணீர் வற்றினாலும் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆந்திராவிலும் கேரளாவிலும் வலை போடுகிறவர்கள் படும் பாட்டை இப்போது எல்லோரும் அறிவார்கள். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காதீர்கள். வாங்க மறுத்தால் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது ஒப்படையுங்கள்.

நெரைட் நத்தை கண்ணாடியில் எள்ளளவு வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும். துணிக்கும் ஸ்பாஞ்சுக்கும் அசையாது. பழைய பிளேடால் சுரண்டினால் வந்துவிடும்.